வேலையில் சேருமுன் டிரக் டெஸ்ட்: கிட்டில் கஞ்சா பாசிட்டிவ் வந்தால் ஆஃபரை ரத்து செய்துவிடலாமா?

புதுவை_ஹெச்ஆர் கேட்டது:

வணக்கம். புதுச்சேரியில் அறுபது பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் ஆபீஸ். புது அமெரிக்க கிளையன்ட் ஒப்பந்தத்தில் ஒரு வரி: புராஜெக்டில் போடும் ஒவ்வொருவருக்கும் சேருமுன் 5 பேனல் (ஐந்து வகைப் போதைப்பொருளுக்கான) டிரக் ஸ்கிரீன் முடிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். என்ன கட்-ஆஃப் (எந்த அளவிலிருந்து பாசிட்டிவ்), ரிசல்ட்டை யார் பார்ப்பது, பாசிட்டிவ் வந்தால் அடுத்தது என்ன, ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் 14 பேர் சேர வேண்டும்.

நிர்வாகத்தின் யோசனை இது: ஆன்லைனில் கிட் வாங்குவது, சேரும் நாள் காலையில் ஆபீஸ் பாத்ரூமிலேயே பார்த்துவிடுவது, கஞ்சா பாசிட்டிவ் என்றால் அன்றைக்கே ஆஃபரை ரத்து செய்வது. லேபுக்கு அனுப்பினால் செலவு பல மடங்கு என்கிறார்கள்.

தெரிய வேண்டியவை: கிட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா? போன மாதம் இழுத்தவரையும் நேற்று இழுத்தவரையும் அது பிரித்துக் காட்டுமா? வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாட்டுவார்களா? பாசிட்டிவ் வந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டுமா? சேர்பவர்களில் சிலர் கடலூரிலிருந்து தினம் வந்து போகிறவர்கள், இரண்டு பேர் ஏனாம். அவர்களுக்கு விதி ஏதும் மாறுமா?

---

லேப்டெக்_கோரிமேடு:

கிட்டை மட்டும் வச்சு யாரோட வேலையையும் எடுக்கக் கூடாதுங்க. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கிட்ல விழற கோட்டை எப்படிப் படிக்கணும்னு சொல்லிடறேன். ஆபீஸ்ல வச்சுப் பார்க்கிற இடத்துல முதல் தப்பு அங்கதான் நடக்குது.

கர்ப்பம் பார்க்கிற கிட்ல இரண்டு கோடு வந்தா பாசிட்டிவ். இதுல நேர் எதிர். இரண்டு கோடு வந்தா நெகட்டிவ். மேல இருக்கிற 'சி' கோடு மட்டும் வந்து, கீழே 'டி' கோடு வரலேன்னாதான் பாசிட்டிவ். 'சி' கோடே வரலேன்னா அந்த ஸ்ட்ரிப் செல்லாது, புதுசா போடணும். காரணம் இதுதான்: ஸ்ட்ரிப்ல நிறம் ஒட்டின ஆன்டிபாடி இருக்கு, 'டி' கோட்டுல கஞ்சாப் பொருளோட நகல் ஒட்டியிருக்கு. யூரின்ல கஞ்சாவோட கழிவுப்பொருள் இருந்தா அது முதல்லயே போய் ஆன்டிபாடியைப் பிடிச்சுக்கும். பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிச்ச மாதிரி. அப்புறம் 'டி' கோட்டுல நிக்கிறவங்களுக்கு உட்கார இடமில்லை, கோடு விழாது.

இன்னொண்ணு, 'டி' கோடு மங்கலா, முடி மாதிரி மெல்லிசா வந்தாலும் நெகட்டிவ்தான். "லைட்டா இருக்கே, கொஞ்சமா இழுத்திருப்பான்"னு அர்த்தம் பண்ணக் கூடாது. கோட்டோட அழுத்தத்துக்கும் அளவுக்கும் இந்த கிட்ல சம்பந்தமே வைக்கக் கூடாது. பார்க்கிற நேரம் 5 நிமிஷம். 10 நிமிஷம் தாண்டிட்டா அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுடணும். ஒருத்தரோட ஸ்ட்ரிப்பை மேசையில வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து படிக்கிறது எல்லாம் டெஸ்ட்டே கிடையாது.

கிட் வைக்கிற இடம்: பெரும்பாலான கவர்ல 2 முதல் 30 டிகிரின்னு போட்டிருக்கும். நம்ம ஊர் மே மாசத்துல கூரியர் பையன் வண்டிப் பெட்டிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வந்ததும் ஏ.சி. அறையில வைங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா, கவரைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டு அப்புறம் பிரிங்க. இல்லேன்னா ஸ்ட்ரிப் மேல ஈரம் கோர்த்துக்கும். கேசட் வகைன்னா துளியா 3 சொட்டு, காற்றுக்குமிழி இல்லாம. முக்குற வகைன்னா அம்புக்குறிக் கோட்டைத் தாண்டாம 10 முதல் 15 விநாடி.

கட்-ஆஃப் விஷயம். கஞ்சாவுக்கு ஸ்கிரீனிங்ல வழக்கமா மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். அதுல பாசிட்டிவ் வந்த யூரின் மாதிரி லேபுக்குப் போகும். அங்க ஜி.சி.-எம்.எஸ் இல்லேன்னா எல்.சி.-எம்.எஸ்-எம்.எஸ் கருவியில 15 நானோகிராம் கட்-ஆஃப்ல பார்ப்பாங்க. அந்தக் கருவி ஆன்டிபாடியை நம்பி வேலை செய்யறதில்லை. மூலக்கூறைப் பிரிச்சு எடை பார்த்து "இது கஞ்சாவோட கழிவுப்பொருளான டி.எச்.சி கார்பாக்சி அமிலம்தான், வேற எதுவும் இல்லை"ன்னு சொல்லும். அதுவரைக்கும் கையில இருக்கிறது சந்தேகம் மட்டும்தான். ரிப்போர்ட்ல "பிரிசம்ப்டிவ்"னு எழுதறது அதுக்குத்தான்.

செலவு பற்றி: 14 பேருக்கும் கருவி டெஸ்ட் தேவையில்லை. ஸ்கிரீனிங் எல்லாருக்கும், கன்ஃபர்மேஷன் பாசிட்டிவ் வந்தவங்களுக்கு மட்டும். அந்தக் கணக்கை நிர்வாகத்துக்குப் போட்டுக் காட்டுங்க. லேப் எடுக்கும்போது லேப்களைச் சரிபார்க்கிற என்.ஏ.பி.எல் அமைப்போட அங்கீகாரம் இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது. அவங்க அங்கீகாரப் பட்டியல்ல இந்தக் குறிப்பிட்ட டெஸ்ட் இருக்கான்னு பார்க்கணும். சர்க்கரைக்கு அங்கீகாரம் வாங்கின லேப் எல்லாம் கஞ்சாவுக்கு வாங்கின லேப் ஆகாது.

ஆபீஸ் பாத்ரூம்ல எடுக்கிறதை விட்டுடுங்க. மாதிரி எடுக்கத் தெரிஞ்ச கலெக்ஷன் சென்டருக்கு அனுப்புங்க. டாய்லெட் தொட்டியில நீலச் சாயம் போடணும், குழாயை அடைக்கணும், பையையும் ஜாக்கெட்டையும் வெளியே வைக்கச் சொல்லணும், கப்பு வந்த 4 நிமிஷத்துக்குள்ள வெப்பம் பார்க்கணும். 32 முதல் 38 டிகிரிக்குள்ள இருக்கணும். இங்க ஒரு உள்ளூர் சிக்கல் சொல்லணும். மே மாசம் மத்தியானம் வெளியே இருக்கிற எந்தத் தண்ணியும் கிட்டத்தட்ட அந்த வெப்பத்துலதான் இருக்கும். அதனால வெயில் காலத்துல ஏ.சி. அறையில, காலை நேரத்துல எடுத்தாதான் அந்த வெப்பச் சோதனைக்கே அர்த்தம்.

---

கடலூர்_வக்கீல்:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

புதுச்சேரி-கடலூர் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலையும் மதுச் சட்டமும் மாறும். கஞ்சாவுக்கு அப்படி இல்லை. 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ் சட்டம் (போதைப்பொருள் சட்டம்) மத்தியச் சட்டம். கடலூர், புதுச்சேரி, ஏனாம், மாஹே எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே ஊரைப் பொறுத்து உங்கள் கொள்கையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தின் மொழியை மட்டும் மாற்றுங்கள். ஏனாம்காரருக்குத் தெலுங்கு, மாஹேயிலிருந்து யாராவது வந்தால் மலையாளம், மற்றவர்களுக்குத் தமிழ், எல்லாவற்றோடும் ஆங்கிலப் பிரதி.

அந்தச் சட்டத்தில் கஞ்சா உட்கொள்வது 27ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் வருகிறது: ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறிய அளவு வைத்திருப்பது 20ஆம் பிரிவு, ஓராண்டு வரை. கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை, வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இது உங்கள் கொள்கைக் குறிப்பில் இருக்க வேண்டிய வரி. பெரும்பாலான கம்பெனிக் கொள்கைகளில் தண்டனைப் பிரிவுகள் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும், இது இருக்காது.

எல்லோரும் தவறவிடும் இடம் 2ஆம் பிரிவின் வரையறை. கஞ்சா என்றால் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் இலையை அரைத்த பாங்கை லைசன்ஸ் பெற்ற கடையிலேயே விற்கிறார்கள். ஹோலிக்குக் காசியில் பாங்கு லஸ்ஸி குடித்தவரின் யூரினிலும், தெருமுனையில் பொட்டலம் வாங்கி இழுத்தவரின் யூரினிலும் வருவது ஒரே வேதிப்பொருள். ஒன்று குற்றம், மற்றது அந்தச் சட்டப்படி குற்றமில்லை. கருவிக்கு அது தெரியாது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்தும் ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்தும் வயது வந்தவர்களுக்கு அங்கே சட்டப்படி அனுமதி உண்டு; ஆன்சைட் போய்த் திரும்பியவருக்கும் இதே நிலைதான். எனவே "டெஸ்ட் பாசிட்டிவ், ஆகவே குற்றம் செய்தவர்" என்று ரத்துக் கடிதத்தில் ஒருபோதும் எழுதாதீர்கள். "ஒப்பந்தம் கோரும் மருத்துவத் தகுதி நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்ற அளவில் நிறுத்துங்கள்.

போலீஸ்: ஒரு தனியார் நிறுவனம் யூரின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று என்.டி.பி.எஸ் சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் 25ஆம் பிரிவைப் படியுங்கள். தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் இந்தக் குற்றம் நடப்பதைத் தெரிந்தே அனுமதிப்பவரும் மாட்டுவார். மொட்டை மாடியில் புகை நடப்பது தெரிந்தும் நிர்வாகம் கண்டுகொள்ளாமல் இருந்தால், அதுதான் உண்மையான ஆபத்து. யூரின் கப்பில் இல்லை.

தகவல் பாதுகாப்பு: 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் உடல்நலத் தகவலும் மருத்துவப் பதிவும் சென்சிடிவ் தனிநபர்த் தகவல், எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகச் சேகரிக்கிறோம் என்பதைச் சொல்லச் சொல்கிறது. ஸ்ட்ரிப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் "பாருங்க சார்" என்று போடும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள். படிவத்தில் இன்ன ஐந்து பொருட்களுக்கு மட்டும் என்று எழுதுங்கள். அதே மாதிரியில் வேறு எதையும் பார்க்கக் கூடாது. "மெடிக்கல் பேக்கேஜ்" என்று லேப் தரும் கட்டில் எச்.ஐ.வி. டெஸ்ட் இருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன்நிபந்தனையாக அதைக் கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

---

பி.ஜி.வி_கோபு:

வக்கீல் சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன்: நேரம். சேரும் நாள் காலையில டெஸ்ட் வைக்கிறது இருக்கிறதுலயே மோசமான ஏற்பாடு. நம்ம துறையில பல இடத்துல நோட்டீஸ் பீரியட் 90 நாள். அந்த ஆள் பழைய வேலையை விட்டுட்டு, விருந்து முடிச்சு, வாடகை வீடு பிடிச்சு வந்து நிக்கும்போது கப்பை நீட்டறீங்க. கிட் தப்பாக் காட்டினா கூட அவருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஆஃபர் கொடுத்ததும், ராஜினாமா போடறதுக்கு முன்னாடி டெஸ்ட்டை முடிங்க. ஆஃபர் லெட்டர்லயே "இந்த டெஸ்ட்டின் உறுதி செய்யப்பட்ட முடிவு வரும் வரை தற்போதைய வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம்"னு ஒரு வரி போடுங்க. கிளையன்ட் "சேருவதற்கு 30 நாளுக்குள் எடுத்த ரிப்போர்ட்" கேட்டா, ஆஃபர் சமயத்துல எடுத்த ரிப்போர்ட்டை ஏத்துக்கச் சொல்லி எழுதிக் கேளுங்க. அந்த 30 நாள் பெரும்பாலும் அவங்க டெம்ப்ளேட்ல கிடக்கிற வரிதான்.

அடுத்தது, கிளையன்ட்கிட்ட எந்த மாநிலம்னு கேளுங்க. கலிபோர்னியாவுல 2024 ஜனவரி 1லேருந்து, போதை தராத கழிவுப்பொருளைக் காட்டற கஞ்சா டெஸ்ட்டை வச்சு ஆளை மறுக்கிறது பெரும்பாலான வேலைக்குத் தடை. யூரின் டெஸ்ட் காட்டறது துல்லியமா அந்தக் கழிவுப்பொருளைத்தான். நியூயார்க்ல 2021லேருந்தே பெரும்பாலான வேலைகளுக்குக் கஞ்சா டெஸ்ட் கிடையாது. அமேசானும் 2021ல, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிக்கு உட்படாத வேலைகளுக்குக் கஞ்சாவை விட்டுட்டதா அறிவிச்சது. அந்தச் சட்டம் புதுச்சேரியில உட்கார்ந்திருக்கிறவருக்குச் செல்லாது, சரி. ஆனா கிளையன்ட் தன் ஊர்லயே எடுக்காத டெஸ்ட்டை நம்மகிட்ட கேட்கறாங்கன்னா, பழைய ஒப்பந்தத்தை வெட்டி ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஒரு மெயில் போட்டா "கஞ்சா இல்லாம 4 பேனல் போதும்"னு பதில் வர வாய்ப்பு இருக்கு. அமெரிக்க மத்திய அரசு ஒப்பந்த வேலைன்னா அப்படி வராது. அங்க விதி வேற.

அந்த 5 பேனல்னா என்னன்னும் தெரிஞ்சுக்கோங்க: கஞ்சா, கொக்கெய்ன், ஓபியேட், ஆம்ஃபெட்டமின், பி.சி.பி. கடைசியா இருக்கிறது நம்ம ஊர்ல யாரும் கண்ணால பார்க்காத சரக்கு, ஆனாலும் பட்டியல்ல இருக்கும். விற்கிறவர் "அதே விலைக்கு 12 பேனல் தரேன் சார்"னுவார். வாங்காதீங்க. கூடுதலா வர்றதுல பென்சோடயசெபைன், மனச்சோர்வு மாத்திரை எல்லாம் இருக்கும். ஒருத்தருக்குத் தூக்கமாத்திரை எழுதிக் கொடுத்திருக்குங்கிறது உங்களுக்குத் தேவையில்லாத தகவல். தெரிஞ்சுக்கிட்டா பொறுப்பும் சேர்ந்து வரும்.

இன்னொரு தப்பு: பாசிட்டிவ் வந்தவர்கிட்ட "ஆமாம், நான் கஞ்சா புகைத்தேன்"னு கையெழுத்து வாங்கிக்கிட்டு "மனிதாபிமான அடிப்படையில்" சேர்த்துக்கறது. நல்ல மனசோடதான் செய்யறாங்க. ஆனா அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துல, தண்டனை இல்லாமலே, போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்டதே நுழைவு மறுக்கக் காரணமாகலாம். நாளைக்கு ஆன்சைட் போக வேண்டியவரோட கோப்புல அந்தத் தாளை நீங்களே வைக்காதீங்க.

---

கோட்_மட்டும்_எழுதுறவன்:

எல்லாரும் டெஸ்ட்டை ஒழுங்கா எடுக்கிறது எப்படின்னே பேசறீங்க. இந்த வேலைக்கு எதுக்கு எடுக்கணும்னு யாரும் கேட்கலை. கிரேன் ஓட்டறவர், பைலட்னா புரியுது. ஜாவா எழுதறவர் மூணு வாரம் முன்னாடி சனிக்கிழமை ராத்திரி என்ன பண்ணார்ங்கிறது யாருக்கு வேணும்? ஞாயிறு முழுக்கக் குடிச்சுட்டு திங்கட்கிழமை கண்ணு சிவந்து வந்து புரொடக்ஷன்ல கை வைக்கிறவரை இந்த 5 பேனல் பிடிக்காது. இது புதுச்சேரி, அதைச் சொல்லவும் வேணுமா?

---

தொழில்மருத்துவம்_டாக்டர்:

மேலே கேட்டவரின் கேள்வி நியாயமானது. பதிலும் அறிவியலிலேயே இருக்கிறது: யூரின் டெஸ்ட் போதையை அளப்பதில்லை. கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. கல்லீரல் அதை உடைத்துக் கடைசியில் கார்பாக்சி அமிலமாக்குகிறது. அதற்குப் போதை கிடையாது. டி.எச்.சி கொழுப்பில் கரைவது. உடல் கொழுப்பில் போய் உட்கார்ந்து, மெல்ல மெல்லக் கசிந்து, கழிவாக யூரினில் வந்துகொண்டே இருக்கும். புகைத்தவரின் போதை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தின்றவருக்குக் கூடுதலாக நிற்கும். கழிவு நாள்கணக்கில், வாரக்கணக்கில் தொடரும்.

50 நானோகிராம் கட்-ஆஃபில் தோராயக் கணக்கு: எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்கு இரண்டு மூன்று நாள். வாரத்தில் நாலு நாள் பழக்கம் உள்ளவருக்கு ஒரு வாரம் போல. தினமும் என்றால் இரண்டு வாரம் வரை. ஆண்டுக்கணக்கில் தினம் பலமுறை புகைத்தவர், அதுவும் உடல் பருமன் உள்ளவர் என்றால் ஒரு மாதத்தையும் தாண்டலாம். எனவே ஹெச்ஆர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில்: நேற்று ஒருமுறை இழுத்தவரையும், ஒரு மாதம் முன்பு நிறுத்திவிட்ட நாட்பட்ட பழக்கக்காரரையும் அந்தக் கோடு பிரிக்காது. ஒழுங்காக நிறுத்தியவர் மாட்டுவார், கொக்கெய்ன் எடுத்தவர் நாலு நாள் கழித்து வந்து தப்பிப்பார். வாய் உமிழ்நீர் டெஸ்ட் டி.எச்.சியையே பார்ப்பதால் அண்மைப் பயன்பாட்டுக்கு நெருக்கமானது, சுமார் ஒரு நாள் வரை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023இல் அதையும் விதியில் சேர்த்தது. தலைமுடி டெஸ்ட் நேர் எதிர்: மாதத்துக்குச் சுமார் 1.3 சென்டிமீட்டர் வளர்ச்சிக் கணக்கில் சுமார் 4 சென்டிமீட்டர் வெட்டினால் 90 நாள் வரலாறு. மேசை வேலைக்கு அதைக் கேட்பது அத்துமீறல் என்பது என் கருத்து.

மாத்திரை விஷயம்தான் இங்கே முக்கியம். வயிற்றெரிச்சலுக்கு ஊரே விழுங்கும் பான்டோபிரசோல் இருக்கிறதே, மருந்துக் கடையில் "பான் 40 ஒரு அட்டை" என்று கேட்டு வாங்குவது, அது சில கிட்களில் கஞ்சா பாசிட்டிவ் காட்டலாம் என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை உண்டு. ராத்திரி ஷிப்ட், நேரத்துக்குச் சாப்பாடு இல்லாத தொழிலில் இதைச் சாப்பிடாதவர் குறைவு. எச்.ஐ.வி. சிகிச்சையில் உள்ள எஃபாவிரன்ஸ் என்ற மருந்தும் இதே பொய்யைச் சொல்ல வைக்கும். யோசித்துப் பாருங்கள்: கிட்டை மட்டும் நம்பும் ஆபீசில், தான் கஞ்சா எடுக்கவில்லை என்று நிரூபிக்க ஒருவர் தன் எச்.ஐ.வி. நிலையை ஹெச்ஆரிடம் சொல்ல வேண்டிவரும். கருவிச் சோதனையில் இவை இரண்டும் தானாகவே விலகிவிடும்.

மற்ற வரிசைகளிலும் இதே கதைதான். சளிக்கான சூடோஎஃபெட்ரின், முன்பு எல்லோரும் சாப்பிட்ட ரானிடிடின் இரண்டும் ஆம்ஃபெட்டமின் பக்கம் குழப்பும். இருமல் மருந்தின் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பி.சி.பி. பக்கம். லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக்குகள் ஓபியேட் பக்கம். கோடின் கலந்த இருமல் மருந்து உண்மையான ஓபியேட். அதைக் கருவியும் பாசிட்டிவ் என்றே சொல்லும். அங்கே மருந்துச் சீட்டைப் பார்த்துத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை.

கசகசாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். குருமாவுக்கு அரைப்பது, பாயசம் வைப்பது, இரண்டுமே அபின் செடியின் விதைதான். மார்ஃபின் ஒட்டியே வரும். சாப்பிட்ட ஓரிரு நாளுக்கு யூரினில் தெரியலாம். இதனாலேயே அமெரிக்க மத்திய விதியில் ஓபியேட் கட்-ஆஃபை 300இலிருந்து 2000 நானோகிராமுக்கு 1998இல் உயர்த்தினார்கள். நம் சந்தையில் இரண்டு வகைக் கிட்டும் விற்கிறது. 300 போட்டதை வாங்கிவிட்டு, கல்யாண விருந்துக்குப் போய் வந்தவரைச் சந்தேகிக்காதீர்கள். கிட் கவரில் 2000 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பக்கத்தில் யாரோ புகைத்ததைச் சுவாசித்தேன் என்ற விளக்கம், காற்றோட்டமே இல்லாமல் அடைத்த அறையில் மணிக்கணக்கில் இருந்தால் தவிர, 50 நானோகிராமில் பெரும்பாலும் நிற்காது. அதே சமயம் இணையத்தில் மருந்துச் சீட்டின் பேரில் விற்கும் விஜயா (ஆயுர்வேதத்தில் கஞ்சாவின் பெயர்) இலைச்சாறு எண்ணெய்களில் டி.எச்.சி உண்டு. ஆயுர்வேதத்தில் பாங்கு, மருந்துச் சட்ட விதிகளின் அட்டவணையில் உள்ள பொருள். மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கலாம். வலிக்கோ தூக்கத்துக்கோ அதை எடுப்பவர் கருவியிலும் பாசிட்டிவ் ஆவார், பொய் பாசிட்டிவ் அல்ல. இதை ஏற்பதா இல்லையா என்று கொள்கையில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆளைப் பார்த்த பிறகு முடிவெடுக்கக் கூடாது.

நடைமுறை: ரிப்போர்ட் ஹெச்ஆருக்கு வரக் கூடாது. நேராக ஒரு டாக்டருக்கு வர வேண்டும். மருந்துப் பட்டியலையும் டெஸ்ட்டுக்கு முன் எல்லோரிடமும் கேட்கக் கூடாது; பாசிட்டிவ் வந்தவரிடம் மட்டும் டாக்டர் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு ஹெச்ஆருக்குப் போவது ஒரே சொல்: தகுதி, அல்லது தகுதியில்லை. எந்தப் பொருள், என்ன மருந்து என்பது டாக்டரோடு நிற்கும். அமெரிக்காவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவ மதிப்பாய்வு அலுவலர் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

உறுதியான பாசிட்டிவ் வந்து, பழக்கம் இருக்கிறது என்று அவரே டாக்டரிடம் சொன்னால்: 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், 14416 டெலி-மானஸ் மனநல எண், இரண்டும் கட்டணமில்லை. ஜிப்மர் மனநலத் துறை கோரிமேட்டிலேயே இருக்கிறது. தினசரிப் பழக்கம் உள்ளவர் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை ஓரிரு வாரம் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில்தான் பலரும் மறுபடி தொடங்குகிறார்கள்.

---

புதுவை_ஹெச்ஆர்:

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸ் பாத்ரூம் யோசனை போயே போயிற்று. கிளையன்ட்டுக்கு மெயிலும் போட்டாயிற்று. லேபில் கேட்டபோது இரண்டு சொல் புரியவில்லை: "டைல்யூட் என்றால் திரும்ப எடுப்போம்", "ஸ்ப்ளிட் வேணுமா". இன்னொன்று, கன்ஃபர்மேஷன் மாதிரி சென்னைக்குப் போகும் என்றார்கள். வழியில் கெட்டுவிடாதா?

---

லேப்டெக்_கோரிமேடு:

டைல்யூட்னா யூரின்ல தண்ணி அதிகம். யூரின்ல எப்பவும் இருக்கிற கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போய், ஒப்படர்த்தியும் (தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) 1.003க்குக் கீழே இருந்தா அப்படி எழுதுவாங்க. ஏமாத்தறார்னு அர்த்தமில்லை. நம்ம வெயிலுக்கு இரண்டு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு வந்தாலே வரலாம். அதைப் பாசிட்டிவாவும் எடுக்காதீங்க, நெகட்டிவாவும் எடுக்காதீங்க. மறுநாள் காலை முதல் யூரின் எடுக்கச் சொல்லுங்க. கிரியாட்டினின் 2க்கும் கீழே போய், ஒப்படர்த்தியும் பொருந்தலேன்னா அது மனுஷ யூரினே இல்லைன்னு வேற ரிப்போர்ட் வரும். பி.எச். (அமில-காரத் தன்மை) எக்கச்சக்கமா இருந்தாலும் நைட்ரைட் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமைத் தொட்டாலும் ஏதோ கலந்திருக்குன்னு பிடிபடும். "உடம்பைச் சுத்தப்படுத்தும் பானம்"னு ஆன்லைன்ல விற்கிறது எல்லாம் கடைசியில இந்த டைல்யூட் ரிப்போர்ட்லதான் வந்து நிக்கும், காசு தண்டம்.

மாதிரி வரலேன்னா பயமுறுத்தாதீங்க. சிலருக்கு ஆள் வெளியே நிக்கிறாங்கன்னாலே வராது. மூணு மணி நேரம் வரை உட்கார வச்சு, மொத்தம் 1.2 லிட்டருக்கு மேல தண்ணி போகாம கொடுங்கன்னு அமெரிக்க விதி. அதையே வச்சுக்கலாம்.

ஸ்ப்ளிட் கட்டாயம் வேணும்னு சொல்லுங்க. 45 மில்லிலிட்டர் எடுத்து ஒரு பாட்டில்ல 30, இன்னொண்ணுல 15. முதல் பாட்டில்தான் டெஸ்ட்டுக்கு. இரண்டாவதை சீல் பிரிக்காம வச்சிருப்பாங்க. பாசிட்டிவ் வந்தவர் ஒத்துக்கலேன்னா அந்த 15 மில்லிலிட்டர் வேற லேபுக்குப் போகும். அதுதான் அவருக்கு இருக்கிற ஒரே மேல்முறையீடு. இரண்டு பாட்டில் சீல்லயும் அவரோட இனிஷியல், தேதி, அவர் கண் முன்னாடியே போடணும். பேர் எழுதின லேபிளை முன்கூட்டியே வரிசையா ஒட்டி வைக்கிறது தப்பு. 14 பேர் ஒரே காலையில வந்தா மாறிப் போறது அங்கதான்.

மறுபடி மாதிரி எடுத்து "இன்னும் இழுக்கிறாரா"ன்னு பார்க்கிறதா இருந்தா, வெறும் நானோகிராமை ஒப்பிடாதீங்க. தண்ணி குடிச்ச அளவுக்கு அது ஏறும் இறங்கும். அளவை அந்தந்த மாதிரியோட கிரியாட்டினினால வகுத்து ஒப்பிடச் சொல்லுங்க.

சென்னைக்குப் போறதுல கெடாது, ஒழுங்கா போனா. 2 முதல் 8 டிகிரியில ஐஸ் பேக் வச்ச பெட்டி. நாள் கூடினா மைனஸ் 20ல உறைய வைக்கணும். டி.எச்.சி கழிவு பிளாஸ்டிக் சுவர்லயும் நுரையிலயும் ஒட்டிக்கும், அதனால பாட்டிலைக் குலுக்கக் கூடாது. பாதி காலியா விட்டு அனுப்பவும் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தா ஞாயிறு முழுக்க கூரியர் குடோன்ல கிடக்கும். அதனால திங்கள், செவ்வாய் காலையில எடுங்க. ஐஸ் பேக் தீர்ந்துடுச்சுன்னு ஆபீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வைக்கலாமான்னு கேட்பாங்க. வைக்காதீங்க. சாவி இல்லாத ஃப்ரிட்ஜ்ல இருந்த மாதிரிக்கு மதிப்பே இல்லை, பக்கத்துல தயிர்சாத டப்பா வேற இருக்கும்.